வலி எங்கே என்பதைவிட எப்போது என்று பாருங்கள்: முடக்குவாதம், லூபஸ் வகை நோய்களைப் புரிந்துகொள்வது எப்படி

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. பல் தேய்க்கும் பிரஷைப் பிடிக்க இன்னொரு கையின் துணை வேண்டும். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, மதியம் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். இதை யாரிடமாவது சொன்னால் "இப்ப நல்லாத்தானே இருக்கே?" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் பார்ப்பது மதியத்து ஆளை. எனக்கு முடக்குவாதம் தொடங்கியது இப்படித்தான். வயசாகிறது, வேலை அதிகம், குளிர் காலம் என்று வாரத்துக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டு முதல் எட்டு மாதத்தை வலி மாத்திரையிலேயே ஓட்டினேன். அந்த எட்டு மாதத்தில் வலது மணிக்கட்டு இழந்த அசைவு இன்று வரை திரும்பவில்லை.

நான் மருத்துவர் இல்லை, இந்த நோயோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிற ஆள். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே நோயை முடிவு செய்யவோ மருந்தை மாற்றவோ வேண்டாம். ஆனால் எதைக் கவனிப்பது, ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, எந்த மருந்து எதற்கு என்று தெரிந்து வைத்துக்கொண்டால் நான் தொலைத்த மாதங்களை நீங்கள் தொலைக்க வேண்டியதில்லை.

முதலில் 'வாதம்' என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் பாதிக் குழப்பம் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. பக்கவாதம் மூளையின் ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது. இளம்பிள்ளை வாதம் போலியோ வைரஸால் வருவது. கீல்வாதம் என்று சிலர் எல்லா மூட்டுவலியையும் சொல்கிறார்கள், சிலர் யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் கவுட் நோயை மட்டும் சொல்கிறார்கள். முழங்கால் தேய்ந்து வருவதற்கும் "வாதம்" என்றே பெயர். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பதை முடக்குவாதம் என்கிறோம், பெரியவர்கள் சிலர் சரவாங்கி என்பார்கள். இத்தனையும் ஒரே பெயரில் போவதால், பக்கத்து வீட்டுக்காரரின் "வாதம்" எந்தத் தைலத்தில் சரியானதோ அதே தைலம் நமக்கும் வந்து சேர்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் பேசுவது ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும்தான். நம் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் நம் உடம்பையே தாக்குவதால் வரும் நோய்களின் குடும்பம் அது, ஆட்டோஇம்யூன் நோய்கள் என்பார்கள். அதில் மூட்டு, தசை, தோல், ரத்தக்குழாய் ஆகியவற்றைப் பிடிப்பவற்றுக்கு ருமாட்டிக் நோய்கள் என்று பெயர். முடக்குவாதமும் லூபஸும் இதில் அதிகம் பேசப்படுபவை. கண்ணையும் வாயையும் வறளச் செய்யும் ஷோக்ரன், தோலை இறுக்கும் ஸ்க்ளீரோடெர்மா, முதுகெலும்பை விறைக்க வைக்கும் ஆன்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ், சொரியாசிஸோடு வரும் மூட்டு அழற்சி, தசைகளைப் பலவீனமாக்கும் மயோசைட்டிஸ், ரத்தக்குழாய்களைத் தாக்கும் வாஸ்குலைட்டிஸ் என்று உறவினர் பட்டியல் நீளம். மூட்டுத் தேய்மானமும் கவுட்டும் இந்தக் குடும்பம் இல்லை. இது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

உள்ளே நடப்பது என்ன

வேலியே பயிரை மேய்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள், சரிதான், ஆனால் எந்த வேலி எந்தப் பயிரை மேய்கிறது என்பதில்தான் ஒவ்வொரு நோயும் வேறுபடுகிறது.

முடக்குவாதத்தில் தாக்கப்படுவது மூட்டின் உள்பக்கம் இருக்கும் மெல்லிய சவ்வு. சாதாரணமாக அது மூட்டுக்கு வழவழப்பான திரவத்தைச் சுரக்கிற, கண்ணுக்கே தெரியாத அளவு மெலிந்த ஒரு படலம். நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே கூட்டமாக வந்து உட்கார்ந்ததும் அது தடித்து, வீங்கி, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. அந்த அணுக்கள் ஒன்றையொன்று உசுப்பேற்றிக்கொள்ள டி.என்.எஃப்., இன்டர்லூகின் 6 போன்ற ரசாயனச் செய்திகளை அனுப்புகின்றன. இந்தப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், புதிய மருந்துகள் பலவும் இந்தச் செய்திகளை இடைமறிப்பவைதான். எலும்பில் விழுந்த அரிப்பு திரும்ப நிரம்புவது அரிது. அதனால்தான் இந்த நோயில் முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு அவ்வளவு மதிப்பு.

லூபஸில் கதை வேறு. இங்கே உடம்பு தன் சொந்த அணுக்களின் கருவுக்குள் இருக்கும் பொருள்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதங்களைச் செய்கிறது. அணுக்கரு இல்லாத உறுப்பு எது? அதனால் லூபஸ் தோலில் வரலாம், மூட்டில் வரலாம், சிறுநீரகம், நுரையீரலின் உறை, இதயத்தின் உறை, ரத்த அணுக்கள், மூளை என்று எங்கே வேண்டுமானாலும் தலைகாட்டலாம். இந்த ஆன்டிபாடிகள் கூட்டுச் சேர்ந்து சிறுநீரகத்தின் வடிகட்டியில் போய்ப் படிந்தால், வலி எதுவும் இல்லாமலேயே சிறுநீரகம் பழுதாகும். லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய், முகத்தில் விழுந்த தழும்புகளைப் பார்த்து வைத்த பழைய பெயர்.

உடம்பு தன்னையே தாக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளவே மருத்துவ உலகத்துக்கு நீண்ட காலம் பிடித்தது. நோய் எதிர்ப்பு ஆராய்ச்சியின் முன்னோடியான பால் எர்லிக், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்படி நடக்காமல் தடுக்கும் ஏற்பாடு உடம்புக்குள் இருந்தாக வேண்டும் என்று கருதினார். ஏற்பாடு இருக்கிறதுதான், சிலருக்கு அது தவறுகிறது.

ஏன் எனக்கு என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் அதுவே விதி இல்லை: ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது 100க்கு சுமார் 15 பேருக்குத்தான், சில ஆய்வுகளில் அதைவிடக் குறைவு. புகைபிடித்தல் முடக்குவாதத்தின் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது நன்றாக நிரூபணமான விஷயம். ஈறு நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்ந்து வருகிறார்கள். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். லூபஸ் வந்தவர்களில் 10க்கு 9 பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலானோர் 15இலிருந்து 45 வயதுக்குள். தொற்றுநோய் இல்லை, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. நீங்கள் செய்த எதற்கும் தண்டனையும் இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு வாரம்

டெஸ்டுக்கு ஓடும் முன் இதைச் செய்யுங்கள், அல்லது டெஸ்ட் ரிப்போர்ட் வருவதற்குள் செய்யுங்கள். தினமும் படுக்கப் போகும் முன் நான்கு வரி எழுதினால் போதும்: காலையில் விறைப்பு எத்தனை மணிக்கு விட்டது, எந்த மூட்டு வீங்கியது, ஓய்வெடுத்தபோது கூடியதா குறைந்ததா, இன்று எந்த வேலையைச் செய்ய முடியாமல் போனது.

எப்போது வலிக்கிறது என்பதுதான் இங்கே துப்பு. தேய்மான வலி பொதுவாக உழைக்க உழைக்கக் கூடும், உட்கார்ந்தால் குறையும், காலை விறைப்பு இருந்தாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தின் வலி தலைகீழ். இரவெல்லாம் அசையாமல் கிடந்த பிறகுதான் அது உச்சத்தில் இருக்கும், விறைப்பு ஒரு மணி நேரம், அதற்கு மேலும் நீடிக்கும், வேலை செய்யச் செய்ய இளகும். எங்கே என்று பார்த்தால், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகள், விரல்களின் நடுக் கணு, மணிக்கட்டு, கால் விரல்கள் சேரும் பந்துப் பகுதி ஆகியவை முதலில். பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல. நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவை அது பொதுவாக விட்டுவிடும், அங்கே மட்டும் கெட்டியான முடிச்சு இருந்தால் அது தேய்மானமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வீக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், எலும்பு போலக் கெட்டியாக இல்லாமல் பஞ்சு வைத்த மாதிரி மெத்தென்று இருந்தால் கவனிக்க வேண்டும். மோதிரம் கழற்ற வரவில்லை, கைகுலுக்கினால் உயிர் போகிறது, செருப்புக்குள் கூழாங்கல் கிடக்கிற மாதிரி இருக்கிறது, இவையெல்லாம் மருத்துவர்கள் காது கொடுத்துக் கேட்கும் வாக்கியங்கள்.

இப்படி ஆறு வாரம் நீடித்தால் அது சாதாரண வைரஸ் காய்ச்சலின் மிச்சமாக இருக்கும் வாய்ப்பு குறைகிறது. ஆறு வாரம் காத்திருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அர்த்தம் இல்லை, வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தாலே கிளம்பிவிடுங்கள்.

லூபஸைப் பிடிப்பது இதைவிடக் கஷ்டம், அதற்கு நோட்டுப் புத்தகம் இன்னும் அவசியம். ஏனென்றால் அதன் அறிகுறிகள் ஒன்றாக வருவதில்லை. ஒரு வருடம் வெயிலில் போய் வந்ததும் கன்னத்தில் சிவப்பு, தோல் மருத்துவரிடம் போகிறோம். ஆறு மாதம் கழித்து முடி கொட்டுகிறது, ஷாம்பு மாற்றுகிறோம். மேல் அண்ணத்தில் வலிக்காத புண், பல் மருத்துவர். காரணம் தெரியாத காய்ச்சல், மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சில் குத்தல், குளிரில் விரல் வெளுத்து நீலமாகி அப்புறம் சிவப்பது, எழுந்திருக்கவே முடியாத அசதி. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆளிடம், வேறு வேறு வருடத்தில் காட்டியிருப்போம், ஒவ்வொருவரும் அவரவர் துண்டுக்கு மருந்து கொடுத்திருப்பார்கள். எல்லாத் துண்டுகளையும் பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் கடந்த ஐந்து வருடத்தில் உடம்பில் நடந்த விநோதங்கள் எல்லாவற்றையும், சம்பந்தமில்லை என்று தோன்றுவதையும் சேர்த்து, தேதி வாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். கருச்சிதைவு, காலில் ரத்தம் உறைந்தது போன்றவை இருந்தால் கட்டாயம் அதில் வர வேண்டும்.

கன்னச் சிவப்பைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. லூபஸின் பட்டாம்பூச்சித் தடிப்பு இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் பரவும், ஆனால் மூக்கின் ஓரத்திலிருந்து வாய் வரை இறங்கும் மடிப்பைப் பெரும்பாலும் தொடாது. எல்லா லூபஸிலும் இந்தத் தடிப்பு வரும் என்பதில்லை.

வீக்கத்தையும் தடிப்பையும் வந்த அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைத்த நாளில் இவை மாயமாகிவிடும், இது எல்லா நோயாளிக்கும் தெரிந்த சாபம்.

இளம் வயதில் முதுகுவலிக்காரர்கள் ஒரு விஷயம் மட்டும் பாருங்கள்: 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலி, பின்னிரவில் எழுப்பிவிடுகிறது, நடந்தால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது என்றால் அது டிஸ்க் பிரச்சினையாக இல்லாமல் முதுகெலும்பு அழற்சியாக இருக்கலாம்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் "பாசிட்டிவ்" என்று வந்தால் நோய் உண்டு, "நெகட்டிவ்" என்றால் இல்லை என்று நினைக்கிறோம். இந்த நோய்களில் அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. நோயை முடிவு செய்வது உங்கள் கதையும் மருத்துவரின் கைவிரல்களும்தான், ரத்தம் சாட்சி சொல்ல வருகிறது.

ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ஆன்டிபாடி, முடக்குவாதம் உள்ளவர்களில் 100க்கு 70 முதல் 80 பேருக்கு இருக்கும். அதாவது மீதிப் பேருக்கு நோய் இருந்தும் இருக்காது. மறுபக்கம், வயதானவர்கள் சிலருக்கும், ஹெபடைட்டிஸ் சி தொற்று உள்ளவர்களுக்கும், ஷோக்ரன் உள்ளவர்களுக்கும் முடக்குவாதம் இல்லாமலே அது காட்டும். ஆன்டி சி.சி.பி. என்ற இன்னொரு ஆன்டிபாடி இதைவிட நம்பகமான சாட்சி, அது அதிக அளவில் இருந்து மூட்டும் வீங்கியிருந்தால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. நோய் தெரிவதற்குச் சில வருடம் முன்பிருந்தே அது ரத்தத்தில் இருப்பதும் உண்டு. இரண்டும் நெகட்டிவாக வந்து, ஆனால் மூட்டுகள் தெளிவாக வீங்கியிருந்தால் அதற்கும் ஒரு பெயர் உண்டு, செரோநெகட்டிவ் முடக்குவாதம். "ரிப்போர்ட் நார்மல், உனக்கு ஒன்றும் இல்லை" என்று யாராவது அனுப்பிவிட்டால் இதை நினைவில் வையுங்கள்.

அணுக்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ஏ.என்.ஏ. டெஸ்ட் இன்னும் பெரிய வம்பு. லூபஸ் உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது பாசிட்டிவ், அதனால் நெகட்டிவாக வந்தால் லூபஸ் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பாசிட்டிவாக வந்தால் லூபஸ் என்று அர்த்தமே இல்லை. ரிப்போர்ட்டில் 1:40, 1:160 என்று இருப்பது, ரத்தச் சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் அந்த ஆன்டிபாடி தெரிந்தது என்பதைச் சொல்கிறது. எந்த நோயும் இல்லாதவர்களைச் சோதித்தாலும் 100க்கு 25 முதல் 30 பேருக்கு 1:40இல் பாசிட்டிவ் வரும், 1:160இல்கூட சுமார் 5 பேருக்கு வரும். அசதி என்று போனவருக்கு இந்த டெஸ்டை எழுதிக்கொடுத்து, 1:80 என்று வந்து, அவர் இரவெல்லாம் இணையத்தில் லூபஸைப் படித்துத் தூக்கம் கெடுவது தினமும் நடக்கிறது. மறுபடி மறுபடி இந்த டெஸ்டை எடுப்பதிலும் பயன் இல்லை, நோய் கூடுகிறதா குறைகிறதா என்பதை அது காட்டாது. லூபஸ் சந்தேகம் வலுவாக இருந்தால் அடுத்து பார்ப்பது டி.எஸ். டி.என்.ஏ. ஆன்டிபாடி, ஆன்டி ஸ்மித் ஆன்டிபாடி, சி3, சி4 என்ற ரத்தப் புரதங்களின் அளவு, ரத்த அணுக்களின் எண்ணிக்கை. அப்புறம் எல்லோரும் அலட்சியம் செய்கிற சிறுநீர்ப் பரிசோதனை. லூபஸில் என்னைக் கேட்டால் அதுதான் முதல் இடம். சிறுநீரில் புரதம் போவதை எந்த வலியும் வந்து சொல்லப் போவதில்லை.

இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்பவை. ஒரு விநோதம்: லூபஸ் சீறும்போது இ.எஸ்.ஆர். ஏறும், சி.ஆர்.பி. பல சமயம் பெரிதாக ஏறாது. லூபஸ் உள்ளவருக்கு காய்ச்சலோடு சி.ஆர்.பி.யும் எகிறினால் முதலில் தொற்று இருக்கிறதா என்று தேடுவார்கள். எக்ஸ்ரே தொடக்கத்தில் சுத்தமாக இருக்கும், அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். அல்ட்ராசவுண்டில் முன்னாடியே தெரிய வாய்ப்புண்டு.

மருத்துவரிடம்

போக வேண்டியது ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாதநோய் நிபுணரிடம். எலும்பு முறிவுக்குப் பார்க்கும் ஆர்த்தோ மருத்துவர் வேறு, இவர் வேறு. "உடம்பெல்லாம் வலிக்குது டாக்டர்" என்று தொடங்காதீர்கள், அந்த வாக்கியத்தை அவர் அன்று இருபதாவது முறையாகக் கேட்கிறார். "மூன்று மாதமாகக் காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பத்து மணிக்கு மேல் முடிகிறது" என்று தொடங்குங்கள். தாளைக் கொடுங்கள், படங்களைக் காட்டுங்கள். நோய் உறுதியான பிறகு ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியது ஒன்று: நம் இலக்கு என்ன, இப்போது எங்கே இருக்கிறோம்? முடக்குவாதத்தில் 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, ரத்த அளவையும் உங்கள் சொந்த மதிப்பீட்டையும் சேர்த்து டாஸ் 28 என்று ஒரு எண் போடுவார்கள். அது 2.6க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்று கணக்கு. மருந்து தொடங்கி மூன்று மாதத்தில் தெளிவான முன்னேற்றம், ஆறு மாதத்தில் இலக்கு, இல்லையென்றால் மருந்தை மாற்ற வேண்டும் என்பது இன்று உலகமெங்கும் பின்பற்றும் முறை. "கொஞ்சம் பரவாயில்லை" என்பது இலக்கு இல்லை.

மருந்துகளை எந்தக் கணக்கில் புரிந்துகொள்வது

வலி மாத்திரை வலியைக் குறைக்கும், மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்காது. என் எட்டு மாதக் கதை இந்த ஒரு வரிதான். நீண்ட நாள் போட்டால் வயிறும் சிறுநீரகமும் விலை கொடுக்கும்.

ஸ்டீராய்டு வேகம். 1948இல் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் ஊசி போட்டார்கள், சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள்ளாகவே முகம் உப்புவது, எலும்பு மெலிவது, சர்க்கரை ஏறுவது, தொற்று வருவது என்று மறுபக்கமும் தெரிய ஆரம்பித்திருந்தது. இன்று அதை மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை தாங்கும் பாலமாகவும், லூபஸ் உறுப்புகளைத் தாக்கும்போது உயிர் காக்கும் மருந்தாகவும், முடிந்தவரை குறைந்த அளவில் குறைந்த காலம் கொடுக்கிறார்கள். பல வாரம் எடுத்தவர்கள் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும், திடீர் நிறுத்தம் ஆளையே சாய்த்துவிடும். சேர்மானம் எழுதாத "மூட்டுவலிப் பொடி" ஏதாவது இரண்டே நாளில் அற்புதம் செய்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள், அப்படிக் கலந்தவை பலமுறை பிடிபட்டிருக்கின்றன.

நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள் மூன்றாவது வகை, அசல் வைத்தியம் இதுதான். முடக்குவாதத்தில் முதல் இடம் மெத்தோட்ரெக்ஸேட். இதைப் பற்றி ஒன்றே ஒன்று ஞாபகம் இருக்க வேண்டுமென்றால் இது: வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டுக்கொண்டு எலும்பு மஜ்ஜை பழுதாகி இறந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும். இணையத்தில் தேடினால் புற்றுநோய் மருந்து என்று வரும், பயப்படாதீர்கள், அங்கே கொடுக்கும் அளவு பல மடங்கு பெரிது, இங்கே வாரத்துக்கு பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம். கூடவே ஃபோலிக் ஆசிட் தருவார்கள், வாய்ப்புண்ணும் குமட்டலும் குறையும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், மூன்றாவது வாரத்தில் வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரக அளவுகளைச் சொன்ன தேதியில் பார்க்க வேண்டும். மது கல்லீரலுக்கு இரட்டைச் சுமை. டிரைமெத்தோப்ரிம் சேர்ந்த ஆன்டிபயாட்டிக்கை இதோடு சேர்க்கக் கூடாது, எனவே எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரை முதலில் சொல்லுங்கள். கர்ப்பத்தில் கூடவே கூடாது.

லூபஸ் வைத்தியத்தின் முதுகெலும்பு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மலேரியாவுக்கு வந்த மருந்து. தடை ஏதும் இல்லையென்றால் லூபஸ் உள்ள எல்லோருக்கும் இதைத் தருகிறார்கள், நோய் சீறுவதைக் குறைக்கிறது, கர்ப்பத்திலும் தொடரலாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் வைத்தால் விழித்திரைப் பாதிப்பு அரிது. முதல் வருடத்துக்குள் ஒருமுறை கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம். சிறுநீரகம் தாக்கப்பட்டால் மைக்கோஃபீனலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைட் போன்ற பலமான மருந்துகள் வரும். லூபஸுக்கென்றே பெலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, அதற்கு முன் ஐம்பது வருடத்துக்கும் மேலாகப் புது மருந்து எதுவும் அனுமதி பெற்றிருக்கவில்லை.

சாதாரண மருந்துகளில் அடங்காத முடக்குவாதத்துக்கு பயலாஜிக்ஸ் எனப்படும் ஊசிகள் இருக்கின்றன. நான் மேலே சொன்ன டி.என்.எஃப்., இன்டர்லூகின் 6 செய்திகளை வழியிலேயே மடக்குபவை. ஜாக் இன்ஹிபிட்டர் என்பவை, இப்படிப்பட்ட செய்திகள் அணுவுக்குள் வேலை செய்யாமல் தடுக்கும் மாத்திரைகள். இவற்றைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம், ஏனென்றால் உள்ளே உறங்கும் காசநோயை உடம்பு கட்டி வைத்திருப்பதே டி.என்.எஃப். உதவியால்தான். இந்த மருந்துகள் எடுக்கும்போது காய்ச்சல் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் பொதுவாக வேண்டாம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் வேண்டும், முடிந்தால் மருந்து தொடங்கும் முன்பே.

எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு, நானும் செய்தேன். வலி போய்விட்டது, எதற்கு மருந்து என்று நிறுத்துவது. வலி போனது மருந்தால்தான்.

அன்றாடம்

அசைவு வேண்டும். மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாளில் அந்த மூட்டுக்கு ஓய்வு, மற்ற நாளில் நடை, நீச்சல், தசைப் பயிற்சி. எந்தப் பத்தியமும் இந்த நோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை, சத்தாகச் சாப்பிட்டு எடையைக் கட்டுக்குள் வைத்தால் போதும். புகைபிடிப்பதை விடுங்கள், பிடித்தால் மருந்தே சரியாக வேலை செய்யாமல் போகும். லூபஸ் உள்ளவர்களுக்கு வெயில் அழகுப் பிரச்சினை இல்லை, வெயில் பட்டால் உள்ளுறுப்பு வரை நோய் சீறலாம், முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் மருந்துச் சீட்டின் பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நோயிலும் மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அசதி பற்றி ஒரு வார்த்தை: அது சோம்பல் இல்லை, அழற்சியின் பகுதி. வீட்டில் இருப்பவர்கள் இதை ஒருமுறை படித்தால் நல்லது.

குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டம் இருந்தால் மருத்துவரிடம் முன்னாடியே சொல்லுங்கள். லூபஸ் குறைந்தது ஆறு மாதம் அமைதியாக இருந்த பிறகு கருத்தரிப்பது தாய்க்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு. மெத்தோட்ரெக்ஸேட்டை ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும், மைக்கோஃபீனலேட்டையும் முன்பே மாற்ற வேண்டும். ஆன்டிஃபாஸ்ஃபோலிபிட் ஆன்டிபாடியையும் ஆன்டி ரோ ஆன்டிபாடியையும் பார்த்து வைப்பார்கள், முன்னது ரத்தம் உறைதலும் கருச்சிதைவும் கொண்டுவரலாம், பின்னது அரிதாகக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். முடக்குவாதம் பலருக்குக் கர்ப்பத்தில் குறைந்து, பிரசவத்துக்குப் பின் திரும்பும். அந்த மாதங்களுக்குக் கைக்கு ஆள் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உடனே கிளம்ப வேண்டியவை. ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று நெருப்பாகச் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம், மணிக்கணக்கு முக்கியம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், வலிப்பு, குழப்பமான பேச்சு. சிறுநீரில் விடாத நுரை அல்லது ரத்தம், காலையில் முகம் வீங்குவது. கண் சிவந்து வலித்துப் பார்வை மங்குவது. நீண்ட கால முடக்குவாதக்காரர்களுக்கு இன்னொன்று: கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கலாம், கழுத்து வலியோடு கை மரத்துப்போனால் காட்டுங்கள். எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் "எனக்கு முடக்குவாதம், கழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.